ஏஐ உதவியாளருக்கு ஒரு இஎம்ஐ பரீட்சை

புரோகிராம் எழுத உதவும் ஏஐ சாப்ட்வேர்கள் இன்று பல வந்துவிட்டன. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் பலருக்கும் குழப்பம். பணம் கட்டுவதற்கு முன் அவற்றைச் சோதிக்கும் எளிய வழியைப் பார்ப்போம்.

முதலில் வகைகள். 2022-ல் அனைவருக்கும் வெளியான கிட்ஹப் கோபைலட், விஷுவல் ஸ்டுடியோ கோட் போன்ற எடிட்டருக்குள் இயங்கும். நீங்கள் டைப் செய்யும்போதே அடுத்த வரிகளைக் காட்டும். கர்சர் என்பது தனி எடிட்டர். 2025-ல் வந்த கிளாட் கோட், டெர்மினலில் இருந்தபடியே உங்கள் போல்டரில் உள்ள பைல்களைப் படித்து மாற்றும். இவற்றைப் பயன்படுத்தும்போது உங்கள் கோட் இன்டர்நெட் வழியே வேறொரு சர்வருக்குச் செல்கிறது. அது வேண்டாம் என்பவர்கள், ஒல்லாமா என்ற இலவச சாப்ட்வேரை நிறுவி, குவென் 2.5 கோடர் மாடலை டவுன்லோட் செய்து தங்கள் கம்ப்யூட்டரிலேயே இயக்கலாம். அதன் 7பி மாடலுக்கு ஹார்ட் டிஸ்க்கில் சுமார் 5 ஜிபி இடம் தேவை.

இனி பரீட்சை. ஒவ்வொன்றிடமும் இப்படிக் கேளுங்கள்: "கடன் தொகை, ஆண்டு வட்டி, மாதங்கள் ஆகியவற்றைப் பெற்று இஎம்ஐ கணக்கிடும் பைத்தான் பங்ஷன் எழுது." 1,00,000 ரூபாய், 12 சதவீதம், 12 மாதம் கொடுத்தால் 8,884.88 வர வேண்டும். அடுத்து வட்டியை 0 என்று கொடுங்கள். சரியான விடை 8,333.33. ஆனால் வழக்கமான பார்முலாவில் பூஜ்யத்தால் வகுக்க நேர்வதால் புரோகிராம் எரர் காட்டி நின்றுவிடும்.

ஏன் இந்தக் கேள்வி? ஏஐ தந்த இதே பங்ஷனை நான் ஒருமுறை சரிபார்க்காமல் சேர்த்துவிட்டேன். வட்டியில்லாத் தவணைத் திட்டம் தொடங்கிய அன்று காலை, வாடிக்கையாளர்கள் வரிசையில் நிற்க, பில் போட முடியவில்லை. ஏஐயை யாரும் கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டார்கள்.

மேலும் கவனிக்க வேண்டியவை:

1. தவறைச் சுட்டிக்காட்டினால் அதை மட்டும் திருத்துகிறதா, சரியாக இருந்த வரிகளையும் மாற்றுகிறதா?

2. அது சொல்லும் லைப்ரரி உண்மையில் உள்ளதா? இல்லாத பெயர்களையும் ஏஐ சொல்வதுண்டு. அந்தப் பெயரில் யாராவது வைரஸைப் போட்டு வைத்திருக்கலாம். தேடிப் பார்த்த பிறகே நிறுவுங்கள்.

3. பாஸ்வேர்டு உள்ள பைல்களை அதன் கண்ணில் காட்டாதீர்கள்.

4. நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 2025-ல் மெட்டர் என்ற அமைப்பு அனுபவமுள்ள 16 புரோகிராமர்களை வைத்து ஆராய்ந்தது. ஏஐ உதவியுடன் அவர்களுக்கு 19 சதவீதம் கூடுதல் நேரமானது. அவர்களோ, வேலை வேகமாக முடிந்ததாகவே நினைத்தார்கள்!

இந்தப் பரீட்சைக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பிறகு சந்தா கட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.