ஹலோவீன்: பேய்களின் இரவா, புனிதரின் திருவிழிப்பா?



ஐப்பசி 31ஆம் நாள் இரவு அயர்லாந்திலும் அமெரிக்காவிலும் சிறுவர்கள் பேய் வேடமிட்டு வீடுவீடாகச் சென்று இனிப்புக் கேட்பதை அறிந்திருப்பீர்கள். ‘ஹலோவீன்’ எனப்படும் இந்நாளைப் பேய்த் திருவிழா என்றே பலர் எண்ணுகின்றனர். பெயரின் பொருளோ வேறு. ‘ஹலோ’ என்பது புனிதரைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல். ‘ஈன்’ என்பது முன்மாலை. சகல புனிதர் திருநாளின் திருவிழிப்பு என்பதே கருத்து.

இதற்கு இரண்டு வேர்கள் உண்டு. முதலாவது, அயர்லாந்தின் கெல்ற்றிய மக்கள் குளிர்காலத் தொடக்கத்திற் கொண்டாடிய ‘சவின்’ விழா. அவ்வேளையில் மறுவுலகின் வாயில் திறக்கும் என்று பழைய ஐரிஷ் கதைகள் கூறும். இரண்டாவது, திருச்சபையின் வழிபாடு. 609ஆம் ஆண்டளவில் பாப்பரசர் 4ஆம் பொனிபாஸ், உரோமையின் பாந்தேயோன் கோயிலைத் தேவதாயாருக்கும் சகல வேதசாட்சிகளுக்கும் வைகாசி 13இல் அர்ப்பணித்தார். 9ஆம் நூற்றாண்டில் கார்த்திகை 1 சகல புனிதர் திருநாளாக மேற்கு ஐரோப்பாவில் நிலைபெற்றது. பின்னர் குளூனி மடாதிபதி புனித ஓதிலோ கார்த்திகை 2ஐத் தம் மடங்களில் இறந்தோருக்காக மன்றாடும் நாளாக்கினார்.

வாசலில் வந்து கேட்கும் வழக்கத்தைக் கவனியுங்கள். இங்கிலாந்தில் ஏழைகள் இந்நாட்களில் வீடுகள்தோறும் சென்று ‘ஆன்ம அப்பம்’ பெற்று, அவ்வீட்டாரின் மரித்தோருக்காகச் செபித்தனர். 16ஆம் நூற்றாண்டுச் சமயப் பிளவின்பின் உத்தரிக்கிற ஸ்தலத்து ஆன்மாக்களுக்கான மன்றாட்டு அங்கு விலக்கப்பட்டது. அப்பம் கேட்பது பல ஊர்களில் நீடித்தது, செபம் மங்கியது.

1845இல் தொடங்கிய கொடும் பஞ்சத்தால் அமெரிக்கா சென்ற ஐரிஷ் மக்கள் தம் வழக்கங்களையும் கொண்டுசென்றனர். ஊரில் டேர்ணிப் கிழங்கைக் குடைந்து விளக்கேற்றியவர்களுக்கு அங்கே பெரிய பூசணிக்காய் கிடைத்தது. 20ஆம் நூற்றாண்டில் இனிப்பும் வேடமும் பெரும் வியாபாரமாயின. 1955இல் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் திருவழிபாட்டு நாட்காட்டியைச் சுருக்கியபோது இத்திருவிழிப்பும் நீக்கப்பட்டது.

ஆயினும் பழைய கருத்து முற்றாக அழியவில்லை. 1950இல் பிலடெல்பியாச் சிறுவர் சிலர், இனிப்புக்குப் பதிலாக, போரினால் வாடிய சிறுவருக்காகக் காசு சேர்த்து ஐக்கிய நாடுகள் சிறுவர் நிதியத்துக்கு அனுப்பினர். அவ்வழக்கம் பின்னர் நாடெங்கும் பரவியது.

முகமூடியைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. அதன் பின்னால் மறைந்துபோனதையே நாம் தேடவேண்டும். வாசலில் வந்தவருக்கு அப்பம், மரித்தவருக்குச் செபம்: இவ்விரண்டும் ஒருகாலத்தில் ஒன்றாயிருந்தன. கார்த்திகை 2இல் சேமக்காலையில் மெழுகுதிரி ஏற்றும் நாம், அன்று ஓர் ஏழையின் பசியையும் ஆற்றுவோமா?