கரைக்கு வந்தவர்கள்

முல்லைத்தீவு,
2025 தை

அன்புள்ள பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. "எங்கள் சனத்தின் கண்ணீரே இன்னும் காயவில்லை, ரோஹிங்யாக்காரருக்காக நாங்கள் ஏன் ஓடித் திரிய வேண்டும்?" என்று வவுனியா கம்பஸில் உன்னோடு படிக்கிற பிள்ளைகள் கேட்டார்களாம், உனக்கு மறுமொழி வரவில்லையாம். அவர்களோடு கோபிக்காதே. களைத்துப்போன சனத்தின் பிள்ளைகள் அப்படித்தான் கேட்பார்கள்.

மார்கழி 19ஆம் திகதி முள்ளிவாய்க்கால் கடலில் ரோஹிங்யாக்காரர் வந்த படகைக் கண்டவர்கள் எங்கள் கடற்றொழிலாளர். நூற்றுக்கு மேற்பட்ட சனம், அதில் எத்தனையோ சின்னப் பிள்ளைகள். பாஷை தெரியாது, வேதம் வேறு. எங்கள் சனம் தண்ணீரும் சாப்பாடும் கொண்டு ஓடியது. 2009இல், போரின் கடைசி நாள்களில், அதே மணலில் அரிசியும் உப்பும் தண்ணீருமாகக் காய்ச்சிய கஞ்சிக்கு வரிசையில் நின்ற சனம் அது. துன்பம் முடியவில்லை என்பது மெய்தான். காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் இன்னும் தெருவில்தான் நிற்கிறார்கள். ஆனால் எங்கள் துன்பம் தீர்ந்த பிறகுதான் மற்றவனுக்கு இரங்குவோம் என்றால், அந்த முறை எங்களுக்கு ஒருநாளும் வராது.

லூக்கா பத்தாம் அதிகாரத்தை இன்னொருக்கால் ஆறுதலாக வாசி. வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு சமாரியன் இரக்கப்பட்டான் என்பதை ஆண்டவர் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார். மிச்சமெல்லாம் வேலை. காயத்துக்கு எண்ணெய் வார்க்கிறான், கட்டுகிறான், தன் மிருகத்தில் ஏற்றுகிறான், சாவடியில் வைத்துப் பராமரிக்கிறான். மறுநாள் இரண்டு தெனாரியம் எடுத்துக் கொடுக்கிறான். அந்தக் காலத்தில் அது ஒரு கூலியாளின் இரண்டு நாள் சம்பளம். கூடச் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றும் சொல்கிறான். என் மனத்தில் எப்போதும் தங்குவது அந்தக் கடைசிச் சொல். முதல் நாள் ஓடுகிறவர்கள் நிறையப் பேர். திரும்பி வருகிறவர்கள் குறைவு.

கூடவே இருந்தவர்களும் எங்களுக்குள் உண்டு. உருத்திரபுரத்துப் பங்குத்தந்தை சரத்ஜீவன் அடிகளாரை உனக்குத் தெரிந்திராது. சனம் இடம்பெயர இடம்பெயர அவரும் கூடவே வந்தார். 2009 வைகாசி 18, சனத்தோடு சனமாக வெளியேறும்போது இதயம் நின்று இறந்துபோனார்.

படகில் வந்த சனம் இப்போது கேப்பாப்புலவு விமானப்படை முகாமில். 2017இல், படையினர் பிடித்து வைத்திருந்த சொந்தக் காணியைக் கேட்டுத் தாய்மார் குழந்தைகளோடு இரவு பகலாகத் தெருவில் இருந்தார்களே, அதே கேப்பாப்புலவு. இலங்கை 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் கையெழுத்து வைக்காத நாடு. ஆகவே சட்டத்தைக் காட்டி அவர்கள் அடைக்கலம் கேட்பது கடினம். திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்ற கதை வந்தவுடன், அனுப்பாதே என்று முல்லைத்தீவில் எங்கள் சனம் பதாகை பிடித்து நின்றது. தண்ணீர்ப் போத்தலை விட அந்தப் பதாகை எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

நீங்கள் உதவ வெளிக்கிட்டால் சிலதைக் கவனி. நாள்கணக்கில் பட்டினி கிடந்த வயிற்றுக்கு எடுத்த எடுப்பில் சோற்றுப் பார்சல் கொடுக்கக்கூடாது. ஜீவனி கரைத்துக் கொடு, பேந்து தண்ணிக் கஞ்சி. அவர்கள் இஸ்லாமியர், இறைச்சி என்றால் ஹலாலா என்று பார். பெண்களுக்குத் தேவையான துணி, நாப்கின் ஒருவருக்கும் ஞாபகம் வராது. அதை நீ பார்த்துக்கொள். முகம் தெரியப் படம் எடுத்துப் போடாதே, ஊரில் விட்டுவந்த உறவுக்கு அது ஆபத்தாகலாம். செபமாலையும் துண்டுப்பிரசுரமும் கொண்டு போகவே வேண்டாம். பசித்துக் கிடக்கிறவனிடம் வேதம் கதைப்பது அவனுடைய இயலாமையில் கை வைப்பது.

இன்னொன்று, இது உனக்குக் கஷ்டமாக இருக்கும். தெற்கிலிருந்து நாயாற்றுக்குத் தொழிலுக்கு வருகிற சிங்கள மீனவர்களோடு எங்களுக்குப் பிரச்சினை இருக்கிறது. கடல் எங்கள் சீவியம். அதை விட்டுக்கொடு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர்களில் ஒருவன் மோட்டார் சைக்கிளோடு தெருவில் விழுந்து கிடந்தால், 1990க்கு அடித்து, அம்புலன்ஸ் வரும்வரை பக்கத்தில் இருக்க வேண்டியவள் நீ. யூதனுக்கும் சமாரியனுக்கும் இடையில் கிடந்த பகை இதற்குக் குறைந்ததில்லை.

தவக்காலம் வருகிறது. உண்டியல் காசில் ஒரு பங்கை இந்தச் சனத்துக்கு ஒதுக்கலாமா என்று சுவாமியிடம் நான் கேட்கிறேன். முகாமுக்குள் என்ன கொடுக்க விடுகிறார்கள், பிள்ளைகளுக்கு எந்த அளவில் உடுப்பு வேண்டும் என்று நீ விசாரித்து எழுதிக்கொண்டு வா. விசாரிக்காமல் ஒன்றும் வாங்காதே. வெள்ளிக்கிழமை பஸ் ஏறினால் பின்னேரம் வந்துவிடலாம். கணவாய் வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
பெரியம்மா