நூலகத்தின் சேவைச் சாளரம்

முன்பு ஒரு நூல் நூலகத்தில் உள்ளதா என்று அறிய, வாசகர் அங்கு நேரில் சென்று பட்டியல் அட்டைகளைப் புரட்ட வேண்டியிருந்தது. இன்று கைத்தொலைபேசியிலேயே சில நொடிகளில் விடை கிடைத்துவிடுகிறது. இவ்வசதியை வழங்க உதவும் தொழில்நுட்பங்களுள் ஒன்று இணையச் சேவை இடைமுகம். இதனைச் சுருக்கமாக ‘ஏபிஐ’ என்பர்.

ஏபிஐ ஓர் அலுவலகத்தின் சேவைச் சாளரத்தைப் போன்றது. சாளரத்தின் முன் நிற்பவர் உள்ளறைக்குள் நுழைவதில்லை. அவர் கேட்பதை உள்ளே இருப்பவர் எடுத்துத் தருகிறார். அதுபோலவே, ஒரு செயலி குறிப்பிட்ட வடிவத்தில் கேள்வியை அனுப்புகிறது; நூலகக் கணினி தன் பதிவுகளைத் தேடி விடையளிக்கிறது. எவற்றைக் கொடுக்கலாம் என்பதை நூலகமே முடிவு செய்கிறது. நூலின் தலைப்பு, ஆசிரியர் போன்ற விவரங்களை எல்லாருக்கும் கொடுக்கலாம். ஆனால், யார் எந்த நூலை இரவல் பெற்றார் என்பது வாசகரின் தனிப்பட்ட தகவல். அது பாதுகாக்கப்பட வேண்டும்.

சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம், மென்பொருள் உருவாக்குவோருக்கு இத்தகைய ஏபிஐயை வழங்குகிறது. அதன்வழி, ஒரு நூல் எந்தக் கிளை நூலகத்தில் உள்ளது, இப்போது இரவலுக்குக் கிடைக்குமா என்பவற்றைக் காட்டும் செயலிகளை அவர்கள் உருவாக்கலாம். ஆஸ்திரேலியத் தேசிய நூலகம் 2009ஆம் ஆண்டில் ‘டுரோவ்’ என்னும் இணையத்தளத்தைத் தொடங்கியது. அதன் ஏபிஐயைப் பயன்படுத்தி, ஆய்வாளர்கள் பழைய நாளிதழ்களில் வெளிவந்த ஆயிரக்கணக்கான செய்திகளை ஒருங்கே திரட்டி ஆராய முடிகிறது.

நூலகங்கள் தகவல்களைப் பெறுவதற்கும் ஏபிஐ உதவுகிறது. புதிய நூல் வந்ததும், அதன் 13 இலக்க அனைத்துலகத் தர நூல் எண்ணை உள்ளிட்டால் போதும். வேறொரு தளத்தில் பதிவு இருந்தால் தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம் ஆகிய விவரங்கள் வந்துசேரும். அவற்றை நூலகர் மீண்டும் தட்டச்சு செய்யத் தேவையில்லை.

எனினும், ஏபிஐ பதிவில் இருப்பதை மட்டுமே தரும். எடுத்துக்காட்டாக, ஒரே கவிஞரின் பெயர் ஒரு பதிவில் ‘பாரதியார்’ என்றும், மற்றொன்றில் ‘சுப்பிரமணிய பாரதி’ என்றும் இருக்கலாம். இருவரும் ஒருவரே என்பது கணினிக்குத் தானாகத் தெரியாது. நூலகர் இவ்விரு பெயர்களையும் ஒன்றாக இணைத்துப் பதிந்தால்தான் தேடுபவருக்கு எல்லா நூல்களும் கிடைக்கும். தலைப்பில் ஓர் எழுத்து பிழையாகப் பதியப்பட்டாலும், அடுக்கில் இருக்கும் நூல் தேடுபவரின் கண்ணுக்குத் தெரியாமல் போகக்கூடும்.

தகவலை நொடியில் கொண்டுசேர்ப்பது கருவியின் வேலை. அத்தகவலைச் சரியாகப் பதிந்து வைப்பது மனிதரின் பொறுப்பு. மொழியறிவும் கணினியறிவும் கைகோக்கும்போதுதான் ஒரு தமிழ் நூல் அதனைத் தேடும் வாசகரைச் சென்றடைகிறது.