ரிமோட் திறப்பின் பொத்தான் இயங்காவிடில் வீட்டில் செய்யக்கூடியவை

மொன்ட்ரியால்-நோர் வீதிகளில் பனி அகற்றுவதற்கான செம்மஞ்சள் நிற அறிவித்தல் பலகைகள் வைக்கப்பட்டதும், குறித்த நேரத்துக்கு முன் வாகனத்தை அப்புறப்படுத்துதல் வேண்டும். தவறினால் அபராதம் விதிக்கப்படுவதோடு, வாகனமும் இழுத்துச் செல்லப்படலாம். அவ்வேளையில் ரிமோட் திறப்பு இயங்காமற்போவது பெருந்தொல்லையாகும். எனினும், புதிய திறப்பை வாங்குவதற்கு முன்னர் கோளாறு எங்குள்ளது என்பதை அறிதல் வேண்டும்.

கோளாற்றை அறிதல்

எல்லாப் பொத்தான்களும் வாகனத்தின் மிக அருகில் மட்டுமே இயங்கினால், மின்கலம் வலுவிழந்திருக்கலாம். கடுங்குளிரில் இக்குறை விரைவில் வெளிப்படும். ஆதலால் திறப்பை மேலங்கியின் உட்பையில் வைத்திருத்தல் நன்று. ஒரு பொத்தான் மட்டும் இயங்காதிருப்பின், குறை பெரும்பாலும் அதன் அடியிலுள்ள தொடுகையில் இருக்கும்; மின்கலத்தை மாற்றுவதாற் பயனில்லை. இரண்டு திறப்புகளும் ஒருங்கே செயலிழந்தால், வாகனத்தின் பெரிய மின்கலத்தை முதலிற் பரிசோதிக்கவும்.

திருத்தும் முறை

1. திறப்பினுள் மறைந்துள்ள உலோகத் திறப்பை வெளியே எடுக்கவும். ரிமோட் இயங்காத வேளையிலும் சாரதியின் கதவைத் திறக்க இது உதவும்.

2. உறையின் விளிம்பிலுள்ள பிளவில் துணி சுற்றிய தட்டை முனைத் திருப்புளியை வைத்து மெதுவாகத் திறக்கவும்.

3. மின்கலத்தின் இலக்கத்தையும், கூட்டற்குறி எப்பக்கம் உள்ளது என்பதையும் குறித்துக்கொள்ளவும். பல திறப்புகளில் சி.ஆர்.2032 எனும் 3 வோல்ற் மின்கலம் உள்ளது. அதே இலக்கமுடையதையே வாங்கி, விளிம்பிற் பிடித்துப் பொருத்தவும்.

4. பொத்தானில் குறையிருப்பின், மின்கலத்தை அகற்றிய பின்னர், இறப்பர்த் தகட்டின் அடியிலுள்ள கருநிறப் புள்ளிகளையும் அவை தொடும் மின்தகட்டையும் ஐசோபுரோப்பைல் அற்ககோலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் மெதுவாகத் துடைத்து, நன்கு உலரவிடவும். சுரண்டலாகாது.

5. சில திறப்புகளின் உறையினுள் மிகச் சிறிய சில்லு ஒன்று தனியாக இருக்கும். அதைத் தவறவிட்டால் கதவு திறந்தாலும் இயந்திரம் இயங்காது. கனடாவில் 2007 செப்டெம்பர் 1 முதல் புதிய சிறு வாகனங்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட திருட்டுத் தடுப்புக் கருவி, அத்தகைய சில்லைக் கொண்டே உரிய திறப்பை அடையாளம் காண்கிறது.

பிள்ளைகளின் பாதுகாப்பு

பொத்தான் வடிவ மின்கலத்தைப் பிள்ளை விழுங்கினால், அது உணவுக்குழாயில் சிக்கி இரண்டு மணி நேரத்துக்குள் கடுமையான எரிகாயத்தை உண்டாக்கக்கூடும். அறிகுறிகள் தோன்றும்வரை காத்திராது உடனே 911ஐ அழைக்கவும். வாந்தி எடுக்கச் செய்யலாகாது. கியூபெக் நச்சு ஆலோசனை நிலையத்தை 1-800-463-5060 எனும் எண்ணில் அழைக்கலாம். பழைய மின்கலத்தை இருபுறமும் ஒட்டுநாடாவால் மூடி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்து, மின்கலம் சேகரிக்கும் இடத்தில் அல்லது எக்கோசென்ரரில் ஒப்படைக்கவும்.

உங்கள் உரிமை

கியூபெக் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஆம் பிரிவின்படி, வணிகரிடம் வாங்கிய பொருள், அதன் விலையையும் பயன்படுத்தும் நிலைமைகளையும் கருத்திற்கொண்டு, வழமையான பயன்பாட்டில் நியாயமான காலம் நீடித்திருத்தல் வேண்டும். எனவே அண்மையில் வாங்கிய வாகனத்தின் திறப்பு மின்கலத்தை மாற்றிய பின்னரும் இயங்காவிடில், உறையை மேலும் கழற்றாது, கொள்வனவுப் பற்றுச்சீட்டுடன் விற்பனையாளரை முதலில் அணுகுக.