48 வோல்ட் என்று எழுதியிருந்தால் போதுமா?

சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் மின் பைக்கின் சார்ஜர் பழுதானால் பொள்ளாச்சிக்கோ கோவைக்கோ ஓடுகிறோம். தேவிகுளம், சாந்தன்பாறைக்காரர்கள் போடிமெட்டு இறங்கிப் போடிக்கோ தேனிக்கோ போகிறார்கள். எந்த ஊர்க் கடையானாலும் கேட்பது ஒன்றுதான்: "48 வோல்ட் சார்ஜர் இருக்கா?" கேள்வி பாதிதான். மீதிப் பாதியைக் கடைக்காரரும் கேட்காவிட்டால் பேட்டரி கெடும், சில நேரம் வீடே ஆபத்துக்குள்ளாகும்.

நம்பிக்கை: வண்டியும் 48, சார்ஜரும் 48. அப்புறம் என்ன?

48 என்பது பேட்டரியின் பெயரளவு வோல்டேஜ் மட்டுமே. சார்ஜர் எந்த வோல்டேஜில் போய் நிற்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். நான்கு 12 வோல்ட் ஈய பேட்டரிகள் கொண்ட வண்டிக்கு அது ஏறக்குறைய 59. பதின்மூன்று செல் வரிசை கொண்ட என்எம்சி வகை லித்தியம் பேட்டரிக்கு, செல்லுக்கு 4.2 வீதம் 54.6. பதினாறு செல் எல்எஃப்பி வகை லித்தியம் பேட்டரிக்கு, செல்லுக்கு 3.65 வீதம் 58.4. கடையில் இந்த மூன்றையுமே '48 வோல்ட்' என்று சொல்லி விற்கிறார்கள்.

நம் பக்கத்தில் அதிகம் நடக்கும் தவறு இங்கேதான். 250 வாட், மணிக்கு 25 கிலோமீட்டர் என்ற வரம்புக்குள் இருப்பதால் பதிவும் லைசென்சும் தேவைப்படாத வண்டிகளில் பல, ஈய பேட்டரியோடு வருகின்றன. கொஞ்ச காலத்தில் பேட்டரி சோர்ந்துவிடும். மெக்கானிக் லித்தியம் பேட்டரி போட்டுத் தருவார். "பழைய சார்ஜர் நல்லாத்தானே இருக்கு" என்று அதையே தொடர்வோம். 59-ஐப் பதின்மூன்று செல்களுக்குப் பங்கிட்டுப் பாருங்கள்: ஒரு செல்லுக்கு 4.5 வோல்ட்டைத் தாண்டுகிறது. 4.2-க்கு மேல் போனால் செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படியத் தொடங்கும், வாயு உண்டாகிச் செல் உப்பும், சூடேறும். மாற்றிப் போட்டாலும் கேடுதான்: ஈய பேட்டரிக்கு 54.6 வோல்ட் சார்ஜர் போட்டால் அது ஒருநாளும் நிறையாது, தகடுகளில் சல்பேட் இறுகிச் சீக்கிரமே செத்துவிடும். எனவே லித்தியத்துக்கு மாறும் நாளிலேயே சார்ஜரையும் மாற்றுங்கள். பழையதை வீட்டில் வைத்திருந்தால் 'ஈய பேட்டரிக்கு மட்டும்' என்று அதன் மேல் பெரிதாக எழுதி வையுங்கள், பிள்ளைகள் எடுத்துச் சொருகிவிடக் கூடாது.

புதிய சார்ஜரின் லேபிளில் அவுட்புட் என்று இருக்கும் வரியைப் படியுங்கள். 54.6, 58.4 என்று புள்ளிக்குப் பின்னும் எண் இருந்து, அது உங்கள் பேட்டரிக்குரிய எண்ணாகவும் இருந்தால் நம்பலாம். வெறும் '48' என்றிருந்தால், கடையிலேயே மல்டிமீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். இப்படிக் கேட்கக் கூச்சப்படத் தேவையில்லை.

நம்பிக்கை: பேட்டரிக்குள் பிஎம்எஸ் இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும்.

பேட்டரியைக் கண்காணித்துத் தேவைப்பட்டால் துண்டிக்கும் மின்சுற்றான பிஎம்எஸ் கடைசிக் காவல். தினமும் தவறான சார்ஜரை அதுவே தடுக்க வேண்டியிருந்தால், அது பழுதாகும் நாளில் காப்பாற்ற வேறு எதுவும் இல்லை. அதனால்தான் மின் வண்டிகளின் பேட்டரிப் பாதுகாப்புக்கான, 2022 டிசம்பரில் கடுமையாக்கப்பட்ட ஏஐஎஸ்-156 விதிகள் பேட்டரியோடு நிற்காமல், நிறைந்ததும் சார்ஜர் தானே நிறுத்த வேண்டும் என்றும் கேட்கின்றன. அதே ஆண்டு மார்ச்சில் வேலூரில், இரவில் சார்ஜ் போட்டிருந்த மின் பைக் எரிந்து, புகையில் மூச்சுத்திணறித் தந்தையும் மகளும் இறந்தார்கள். எஸ்டேட் லயங்களில் இடம் நெருக்கடி என்பது தெரிந்ததே. ஆனாலும் வெளியேறும் வாசலை அடைத்து வண்டியை நிறுத்தி, இரவெல்லாம் சார்ஜ் போட்டுத் தூங்காதீர்கள்.

நம்பிக்கை: ஆம்பியர் கூடினால் நல்லது.

24 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி 3 ஆம்பியரில் நிறைய எட்டு மணி நேரத்துக்குச் சற்று மேலாகும், 6 ஆம்பியரில் அதில் பாதி. பேட்டரி தாங்கும் என்று தயாரிப்பாளர் எழுதியிருக்கும் அளவுக்குள் இருந்தால் சரி. அதைத் தாண்டினால் மிச்சப்படும் நேரத்துக்குப் பேட்டரியின் ஆயுளை விலையாகக் கொடுக்கிறோம்.

நம்பிக்கை: கேஎஸ்இபி கம்பத்தில் போட்டால் வேகமாக ஏறும்.

2021-இல் கோழிக்கோட்டில் சோதனையாகத் தொடங்கி மாநிலமெங்கும் வந்த மின்கம்பச் சார்ஜிங் முனைகள் தருவது ஏசி கரண்ட். வண்டிக்கான சார்ஜர் நம்முடையதுதான், வேகமும் அதனுடையதே.

நம்பிக்கை: பின் பொருந்தினால் சார்ஜர் பொருந்தும்.

ஒரே மூன்று பின் பிளக்கில் ஒரு கம்பெனி பாசிட்டிவை ஒரு காலிலும் இன்னொரு கம்பெனி வேறு காலிலும் வைக்கலாம். அளக்காமல் சொருகாதீர்கள்.

நம்பிக்கை: நல்ல சார்ஜராக இருந்தால் எந்த நேரத்திலும் போடலாம்.

மலம்புழாவில் 2016 ஏப்ரலில் 41.9 டிகிரி பதிவானது. அந்த வெயிலில் ஓடி வந்த பேட்டரி, பல லித்தியம் செல்களுக்குச் சார்ஜ் வரம்பாகச் சொல்லப்படும் 45 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். நிழலில் நிறுத்தி, தொட்டால் சுடாத அளவுக்கு ஆறவிட்டுப் போடுங்கள். மூணாற்றில் சிக்கல் நேர்மாறானது. செண்டுவாரை, லெட்சுமி எஸ்டேட்டுகளில் உறைபனி விழும் ஜனவரி விடியலில், பூஜ்ஜியத்துக்குக் கீழே குளிர்ந்த லித்தியம் பேட்டரிக்குச் சரியான சார்ஜரும் கேடு செய்யும். கழற்றக்கூடிய பேட்டரியாக இருந்தால் ராத்திரியே வீட்டுக்குள் எடுத்து வைத்து, குளிர் விட்ட பிறகு, ஆள் விழித்திருக்கும்போது போடுங்கள்.

ஐப்பசி மாலைகளில் இடுக்கியில் இடி இறங்கும்போது சுவர் ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. அது ஒரு கம்பியைத்தான் துண்டிக்கிறது, நியூட்ரல் வழியாகச் சார்ஜர் லைனோடு இணைந்தே இருக்கும். இடி தலைக்கு மேல் வரும்வரை காத்திருக்காமல், மேகம் கறுக்கும்போதே பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.