இருளில் மணி கூறும் பொற்கடிகாரம்

பகலில் மணி அறிதற்குக் கண் போதும். இருளில் அறிதற்குச் செவியே வேண்டும். தீக்குச்சியும் மின்விளக்கும் தோன்றாத நாளில், நள்ளிரவில் விழித்தவர் பொழுதறிய விரும்பின், சக்கிமுக்கிக் கல்லைத் தட்டி விளக்கேற்ற வேண்டியிருந்தது. அக்குறையை நீக்க எழுந்ததே, வேண்டியபோது மணியடித்துக் காட்டும் சட்டைப்பைக் கடிகாரம். அதன் வரலாற்றையும் அமைப்பையும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

இக்கருவி முதலில் தோன்றிய இடம் இங்கிலாந்து. எட்வர்டு பார்லோ, டேனியல் குவேர் என்னும் இருவர் இதற்கு உரிமை கோரி வழக்கிட, 1687-இல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் குவேர் பக்கமே தீர்ப்பளித்தார். பின்னர் இக்கலை சுவிட்சர்லாந்தில் வேரூன்றித் தழைத்தது. அந்நாட்டு நூஷாத்தெலிற் பிறந்து பாரிசில் தொழில் நடத்திய ஆபிரகாம் லூயி பிரெகே, 1783-இல் மணிக்கிண்ணத்தை நீக்கி வளைந்த எஃகுக் கம்பியை அமைத்தார். அதனாற் கடிகாரத்தின் பருமன் குறைந்தது. ஜூரா மலையில், ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்திலுள்ள ஜூ பள்ளத்தாக்கின் உழவர், வயல்வேலையற்ற பனிக்காலத்தில் வீட்டிலிருந்தே இந்நுண்தொழிலைப் பயின்று புகழ்பெற்றனர்.

நிற்க. உறையின் ஓரத்திலுள்ள தள்ளுகோலைத் தள்ளினால், தனியே அமைந்த சிறு வில்லொன்று முறுக்கேறும். உள்ளே, நத்தையோடு போலப் படிபடியாக வெட்டிய தகடுகள் உள. மணித்தகட்டிற்குப் படிகள் 12, கால்மணித்தகட்டிற்கு 4, நிமிஷத்தகட்டிற்கோ நான்கு கைகள். பற்களுடைய கோல்கள் இப்படிகளின்மேல் விழும். விழுந்த ஆழத்திற்கேற்ற அளவு பற்கள் சுத்தியை அசைக்கும். மணிக்குத் தாழ்ந்த ஒலி. கால்மணிக்கு இரட்டை ஒலி. எஞ்சிய நிமிஷத்திற்கு உயர்ந்த ஒலி. 12 மணி 59 நிமிஷமாயின், தாழ்ந்தன 12, இரட்டை 3, உயர்ந்தன 14. ஆக 32 அடிகள் கேட்கும். எவரும் தள்ளாமலே ஒவ்வொரு கால்மணியிலும் தாமே ஒலிப்பனவும் உண்டு. அவை கிராண்ட் சொன்னரி எனப்படும்.

உயர்ந்த கடிகாரங்களின் உறை பெரும்பாலும் 18 காரட்டுப் பொன்னாலாயது. அதாவது, 24 பங்கில் 18 பங்கு பொன். தனிப்பொன் மென்மையாதலின் பிறவுலோகம் சேர்த்தனர்.

எனினும், நம் உள்ளத்தைக் கவர்ந்தது பொன்னன்று. உள்ளிருக்கும் ஒரு சிறு நெம்புகோலேயாம். தள்ளுகோலை அரைகுறையாகத் தள்ளினால், பழைய கடிகாரங்கள் சில குறைவாக மணியடித்துப் பொய்யுரைத்தன. அதனைத் தடுக்கவே இந்நெம்புகோல் அமைந்தது. 'முழுதும், அன்றேல் ஒன்றுமின்று' என்பதே அதன் பெயர்ப்பொருள். முழுதும் தள்ளினாலன்றி அக்கடிகாரம் ஒலியாது.

பாதி கற்று முழுதும் அறிந்தார்போற் பேசுவார் மாணவருள் உளர். நாமும் தேர்வுக்கூடத்தில் அவ்வாறு எழுதியதுண்டு. அறிந்ததை முழுதும் கூறுக. அறியாதவிடத்து வாய்மூடுக என்பதை உயிரற்ற இப்பொறி நமக்குக் கற்பிக்கின்றது. இருளில் அதனை நம்பிச் செவிசாய்த்தவர் ஏமாறாமைக்குக் காரணம் இதுவே. நம் சொல்லையும் பிறர் அவ்வாறு நம்புதல் வேண்டுமன்றோ?