யோசேப்பு கேட்ட கேள்வி
(வேதபாடம்: ஆதியாகமம் 40-ம் அதிகாரம்)



சிறைச்சாலை ஊழியத்தைக்குறித்து ஒரு பாடம் எழுதும்படி போதகர் ஐயா கேட்டபோது நான் உடனே சம்மதிக்கவில்லை. எத்தனை பேர் கையை உயர்த்தினார்கள், எத்தனை புதிய ஏற்பாடு கொடுத்தோம் என்று எழுதிவிடலாம், அது சுலபம். ஆனால் நான் செய்த ஒரு தவறை மறைத்துவிட்டு இந்தப் பாடத்தை எழுத என் மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை. ஆகையால் அதையும் எழுதுகிறேன். பொறுமையோடு வாசியுங்கள்.

முதலாவது வேதத்துக்குப் போவோம். இந்த அதிகாரத்தை எடுத்தால் நாம் எல்லாரும் சொப்பனத்தையும் அதின் அர்த்தத்தையும்தான் பிரசங்கிப்போம். 6, 7 வசனங்களைத் தாண்டி ஓடிவிடுவோம். அங்கே நின்று பாருங்கள். விடியற்காலத்தில் யோசேப்பு அந்த இரண்டு கைதிகளிடத்தில் வருகிறான், அவர்கள் முகத்தைப் பார்க்கிறான், துக்கம் தெரிகிறது, ஏன் என்று கேட்கிறான். கேட்கிறவன் யார்? அவனும் ஒரு கைதி. செய்யாத குற்றத்துக்காக உள்ளே கிடக்கிறவன். தன் பாரமே அவனுக்கு மலையளவு. அப்படியிருந்தும் நேற்றிருந்த முகம் இன்றைக்கு இல்லை என்று கண்டுகொண்டான். நேற்றும் பார்த்தவனுக்குத்தானே இன்றைக்கு மாறினது தெரியும்? மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பாடி, ஜெபித்து, சாயங்காலம் லாக்-அப் நேரத்துக்கு முன்னே கேட்டைத் தாண்டி வந்துவிடுகிற நமக்கு அது எங்கே தெரியப்போகிறது?

இப்போது என் காரியத்துக்கு வருகிறேன். சில வருஷங்களுக்கு முன்பு ஒரு மத்திய சிறையில், கூட்டம் முடிந்தபின் ஒரு வாலிபன் என்னிடத்தில் வந்தான். விசாரணைக் கைதி. “ஐயா, ராத்திரி பூரா காதுல யாரோ பேசிட்டே இருக்காங்க. என்னைத் திட்டுறாங்க”ன்னு சொன்னான். கை வைத்து ஜெபித்தோம். அவன் அழுதான், நாங்களும் அழுதோம். போகும்போது, “மாத்திரை சாப்பிடுறேன் ஐயா, அதை என்ன செய்ய?” என்று கேட்டான். நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை. “விசுவாசம் வந்தபிறகு மாத்திரை எதுக்கு தம்பி?” என்று சொல்லிவிட்டேன். என்னோடு வந்த சகோதரர்கள் ஆமென் சொன்னார்கள்.

அடுத்த மாதம் போனபோது அவன் கூட்டத்தில் இல்லை. சாப்பாட்டில் விஷம் வைத்திருக்கிறார்கள் என்று சாப்பிடாமலிருந்து, தூங்காமல், சுவரில் தலையை மோதிக்கொண்டு, கடைசியில் அவனை மனநல மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். சிறை டாக்டர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். அவர் நம்முடைய விசுவாசத்தைச் சேர்ந்தவர் அல்ல. “நீங்க ஜெபம் பண்ணுங்க, வேண்டாம்னு நான் சொல்லல. ஆனா மாத்திரையை நிறுத்தச் சொல்ல நீங்க யாரு சார்?” என்றார். எனக்குப் பதில் இல்லை. பிரியமானவர்களே, இன்றைக்கும் பதில் இல்லை.

பிசாசின் கிரியை இல்லை என்று நான் எழுதவில்லை; அப்படி யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் எல்லாவற்றையும் அவன் கணக்கில் எழுதிவிடுகிறோமே, அதைச் சொல்லுகிறேன். மனச்சிதைவு என்பது ஒரு வியாதி. சர்க்கரை வியாதிக்காரன் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். இதுவும் அப்படியே, நிறுத்தினால் அநேகருக்கு வியாதி திரும்பிவிடும். இன்னொன்றைக் கேளுங்கள். வருஷக்கணக்காய்த் தினமும் குடித்தவன் கைதாகி உள்ளே வருகிறான். சாராயம் நின்றுபோகிறது. இரண்டாம், மூன்றாம் நாளில் கை நடுங்கும், வியர்க்கும், சுவரில் பூச்சி ஓடுகிறதாகச் சொல்லுவான், இல்லாத ஆளோடே பேசுவான், சிலருக்கு வலிப்பும் வரும். பார்க்கிறவர்கள் பிசாசு பிடித்திருக்கிறது என்பார்கள். அது குடி நின்றதினால் உண்டாகிற அவசர வியாதி. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால் உயிரே போய்விடக்கூடும். அந்த நேரத்தில் நாம் செய்யவேண்டிய முதல் காரியம் வார்டரைக் கூப்பிடுவது.

எலியாவைப் பாருங்கள் (1 இராஜாக்கள் 19-ம் அதிகாரம்). கர்மேலில் அக்கினியை இறக்கினவன், ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து சாவைக் கேட்டான். கர்த்தர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. தூங்கவிட்டார், அடையும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடியும் தூங்கவிட்டார். கேள்வி கேட்டது அதற்கு அப்புறந்தான். யோவான் ஸ்நானனும் காவலில் இருந்தபோது ஆள் அனுப்பி ஒரு கேள்வி கேட்டான் (மத்தேயு 11-ம் அதிகாரம்). வனாந்தரத்தில் தைரியமாய் நின்றவன் நாலு சுவருக்குள்ளே கலங்கினான். ஆண்டவர் அவனை அவிசுவாசி என்று தள்ளவில்லையே. சிறைச்சாலை அப்படிப்பட்ட இடம். தூக்கம் இல்லை, தனிமையும் இல்லை, கூட்டமும் இல்லாமல் இல்லை. வீட்டில் என்ன நடக்கிறதோ என்ற பயம், வாய்தா எப்போது என்ற ஏக்கம். நம் தேசத்தில் கைதிகளில் ஏறக்குறைய நாலில் மூன்றுபேர் தீர்ப்பு ஆகாத விசாரணைக் கைதிகள். என்றைக்கு வெளியே போவோம் என்று அவர்களால் நாளை எண்ணக்கூட முடியாது. 2022-ம் வருஷத்தின் அரசாங்கக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இயற்கையல்லாத மரணங்கள் 159. அதில் 119 தற்கொலை. அந்த 119 பேரிடத்திலும் காலையில் முகத்தைப் பார்த்துக் கேட்க ஒருவன் இருந்தானோ?

யோசேப்பின் அதிகாரம் ஒரு துக்கமான வசனத்தோடே முடிகிறது. பானபாத்திரக்காரன் அவனை மறந்துபோனான். அதற்குப்பின் முழுசாய் இரண்டு வருஷம். அசாமில் மச்சாங் லாலுங் என்ற ஒருவரை மறந்தது 54 வருஷம். ஒருவரைக் காயப்படுத்தினார் என்ற வழக்கில் 1951-ல் கைதானார். அப்போது வயது சுமார் 23. தேஸ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். 1967-ல் இவர் சுகமாகிவிட்டார் என்று மருத்துவமனை அதிகாரிகளுக்கு எழுதியது. வீட்டுக்கு அனுப்பவில்லை, குவாஹாத்தி சிறைக்கு மாற்றினார்கள். விசாரணையே நடக்கவில்லை. 2005-ம் வருஷம் ஒரு ரூபாய் பிணையில் வெளியே வந்தபோது வயது 77. இரண்டு வருஷம் கழித்து, 2007-ல் இறந்துபோனார். ஒரு ரூபாய்! இதை வாசித்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சட்டம் இப்போது மாறியிருக்கிறது. விசுவாசிகள் அதை அறிந்திருப்பது நல்லது. குற்றஞ்செய்யாத மனநோயாளிகளைச் சிறையில் வைப்பது சட்டவிரோதம் என்று 1993-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2018 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கிற மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, மனநோயுள்ள கைதியைச் சிறை மருத்துவப் பிரிவிலுள்ள மனநல வார்டுக்கு மாற்றவேண்டும். அங்கே அப்படி வார்டு இல்லாவிட்டால் வெளியிலுள்ள மனநல மருத்துவமனைக்கு அனுப்பவேண்டும். சிறை டாக்டர்களுக்கு இதில் பயிற்சி கொடுக்கவேண்டியது அரசின் கடமை. தற்கொலைக்கு முயன்றவனைக் கடும் மனஅழுத்தத்தில் இருந்தவனாகவே எண்ணவேண்டும், தண்டிக்கக்கூடாது என்றும் அதே சட்டம் சொல்லுகிறது. காவலில் இருக்கிற எவருக்கும் இலவச வக்கீல் உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால் போதும். நம்மிலே எத்தனை குடும்பம் இது தெரியாமல் நகையை அடகு வைத்திருக்கிறது!

அந்த வாலிபனின் தாயாரை நான் பிறகு தேடிப்போய்ப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாயிருந்தது. அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார்கள். அரசு ஆஸ்பத்திரிச் சீட்டுகள், நாலு வருஷத்துச் சீட்டுகள், எல்லாம் பத்திரமாயிருந்தன. “பிடிச்சுட்டுப் போன அன்னிக்கே இதை எடுத்துட்டுப் போனேங்க. யாரும் வாங்கிப் பார்க்கல. மனு பார்க்கப் போறப்ப கொண்டுபோனா யார்கிட்ட கொடுக்கணும்னு எனக்குத் தெரியல” என்றார்கள். உள்ளே போன புதிதில் அவன் சில வாரம் மருந்தே இல்லாமல் இருந்திருக்கிறான். பிறகு டாக்டர் கண்டுபிடித்து ஆரம்பித்தார். ஆரம்பித்ததை நான் கெடுத்தேன்.

ஆகையால் உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது கைதானால், அவருக்கு மனநல சிகிச்சை நடந்துகொண்டிருந்தால், முதல் நாளே செய்யுங்கள்: சீட்டை ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றை வக்கீலிடம் கொடுத்து மாஜிஸ்திரேட்டிடம் சொல்லச் சொல்லுங்கள், ஒன்றைச் சிறை மருத்துவ அதிகாரி பேருக்கு மனுவோடே சேர்த்துக் கொடுங்கள். மாத்திரையை நீங்களாக உள்ளே கொடுத்தனுப்ப முயலாதிருங்கள். வெளியே வந்தவர்களையும் விட்டுவிடாதிருங்கள். வந்த முதல் சில வாரம் மிகவும் ஆபத்தான காலம். மாத்திரை தீர்ந்துபோகும், வேலை கிடைக்காது, பழைய சிநேகிதர் மாத்திரம் வந்து நிற்பார்கள். யாருக்காவது சாகவேண்டும் என்ற எண்ணம் இருந்தால் 14416 என்ற நம்பரில் இரவும் பகலும் இலவசமாய்ப் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.

இன்னும் ஒன்று. பிலிப்பி பட்டணத்துச் சிறையில் பட்டயத்தை உருவித் தன்னைக் கொலைசெய்யப்போனவன் கைதி அல்ல, சிறைச்சாலைக்காரன் (அப்போஸ்தலர் 16-ம் அதிகாரம்). பவுல் சத்தமிட்டுத் தடுத்தான். இராத்திரி டியூட்டி பார்த்து, வசவு வாங்கி, வீட்டிலும் நிம்மதியில்லாத வார்டர்கள் அநேகர். கேட்டில் நம்மைச் சோதனை போடுகிறவரிடத்தில், “சாப்பிட்டீங்களா சார்?” என்று கேட்க எனக்குப் பத்து வருஷம் ஆயிற்று.

அந்தத் தம்பி இரண்டு மாதத்தில் சிறைக்குத் திரும்பினான். வழக்கு இன்னும் முடியவில்லை. இப்போது நான் போகும்போது அவனிடத்தில் கேட்பது மூன்று: தூங்கினாயா, சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா. பிறகுதான் ஜெபம். போன மாதம், “ஐயா, வேதம் வாசிச்சா எழுத்து மங்கலா தெரியுது, மாத்திரையாலயா?” என்று கேட்டான். டாக்டரிடத்தில் கேள், நீயாக நிறுத்தாதே என்றேன். கேட்டிருக்கிறான், டாக்டர் அளவை மாற்றிக் கொடுத்திருக்கிறார். இன்னும் முழுவதும் தெளியவில்லையாம். பெரிய எழுத்து வேதாகமம் ஒன்று வேண்டுமென்று சொல்லியனுப்பினான். யாரிடத்திலாவது உபயோகிக்காமல் இருந்தால் ஞாயிறு ஆராதனைக்கு வரும்போது கொண்டுவாருங்கள். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை.